பன்னிரண்டாவது கால்

வலது கால் போதும் என்றார்கள். புடவையைக் கரண்டைக்கு மேல் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, சாமியார் வருகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். உட்கார்ந்திருக்கிறேன். பீடத்துக்கு முன்னால் அரைவட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி, பதினோரு ஆம்பிளைகள், கடைசியில் நான். இந்த வருஷம் பெண்களையும் சேர்த்திருக்கிறோம் என்று பிரசங்கத்தில் சாமியார் சொன்னபோது ஜனங்கள் எட்டி எட்டி என்னைப் பார்த்தார்கள். பெண்களை என்றால் ஒரு பெண்ணை. அந்த ஒருத்திக்கும் ஏன் கடைசி நாற்காலி என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய வியாழக்கிழமை கால் கழுவுகிற சடங்கில் எங்கள் ஊரில் கடைசி நாற்காலி சேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. எந்தப் பூசைப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை, இருந்தாலும் எங்கள் ஊரில் அப்படித்தான். அதில் உட்காரச் சொன்னால் ஆளாளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். போன வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பு மேஸ்திரி ஒருவன் விவரம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, வீட்டில் பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இந்த வருஷம் அந்தச் சங்கடமே இல்லை, வியாகுலம் நான் இருக்கிறேன். பெண்ணுக்குக் கௌரவம் கொடுத்ததாகவும் ஆச்சு, நாற்காலி நிரம்பினதாகவும் ஆச்சு. முதல் நாற்காலியில் கஸ்பார், பங்குப் பேரவைச் செயலாளர், நகம் வெட்டி, குதிகால் தேய்த்து, பவுடர் போட்டுக் கொண்டுவந்த காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் சோப்புப் போடாமல் இங்கே ஒருத்தனும் வருவதில்லை. சேறு அப்பின காலோடு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் இந்தச் சாமியார் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பெலவேந்திரன் சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டுகிறார். உபதேசியார் சவரிநாதன் செம்பும் தாம்பாளமுமாகப் பின்னால் நிற்கிறார். சாமியார் குனிந்து கஸ்பாருடைய காலைப் பிடிக்கும்போது கழுத்தில் மாட்டின மைக்கில் அவர் மூச்சு வாங்குவது கோயில் முழுக்கக் கேட்கிறது, வெளியே தெருவுக்கும் கேட்கும், வேப்பமரத்தில் கட்டியிருக்கிற குழாய் ஒலிபெருக்கி வழியாக. அதே மைக்கில்தான் கொஞ்ச நேரம் முன்னால் என்னைப் பற்றிப் பேசினார். நம் பங்கின் மிஷன் அம்மா என்றார். முப்பது வருஷமாகப் பிடி அரிசி சேர்த்து மறைபரப்புக்கு அனுப்பிய கைகள் என்றார். தன் ஒரே மகளையே வடக்கே மிஷனுக்குக் கொடுத்த தாய் என்றார். கொடுத்த தாய். கொடுப்பதற்கு அவள் என்ன முருங்கைக்காயா, கொல்லையில் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க. அவளாகப் போனாள், நான் ரயிலடியில் நின்று அழுதேன், இவ்வளவுதான் நடந்தது. அதைக்கூட விட்டுவிடலாம், வருஷா வருஷம் கேட்டுப் பழகின பேச்சு. அதற்கு அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் என் வயிறு எரிகிறது. அந்த மகள், சிஸ்டர் எமரென்சியா, இன்றைக்கும் ஒரிசா மலைக்காடுகளில் ஏழைகளின் காயத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். பீடத்தில் நின்றுகொண்டு, திருவுடையில், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். என் மகள் பிரகாசி, எமரென்சியா மடத்தில் வைத்த பேர், ஒரிசாவில் இல்லை. கோயிலுக்கு எதிர் வரிசையில், மூன்றாவது வீட்டில், என் வீட்டில், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும், சாமியாருக்கும் தெரியும். இவ்வளவும் தெரிந்து நான் கையைக் கூப்பிக்கொண்டு அந்தப் பிரசங்கத்தைக் கேட்டேன்.

கஸ்பார் முடிந்தது. காலில் சாமியார் முத்தம் வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், அப்படியே உருகிப் போன மாதிரி. இந்த மனுஷன் வீட்டுப் பிடி அரிசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உலை வைப்பதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும், அதுதான் பிடி அரிசி. சனிக்கிழமை சாயங்காலம் நான் சாக்கோடு வீடு வீடாகப் போவேன். கஸ்பார் வீட்டுப் பானையில் புழுத்த ரேஷன் அரிசி மட்டும்தான் இருக்கும், அவர்கள் சாப்பிடுகிற அரிசி அதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. தோல் ஷாப்பில் கூலிக்குப் போகிறவள் வீட்டில் நல்ல அரிசி இருக்கும், வெட்கப்பட்டுக்கொண்டே கொட்டுவாள், இந்த வாரம் கொஞ்சமாத்தான் இருக்கு அத்தை என்பாள். பச்சரிசி, புழுங்கல், குருணை எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடும். அந்தக் கலப்பு அரிசியை யாரும் பொங்கித் தின்ன மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் போடுவோம், கோழி வளர்க்கிறவர்கள் எடுப்பார்கள். மழையில் போனேன், காய்ச்சலில் போனேன், என் வீட்டுக்காரர் இன்னாசி செத்துக் கருமாதி முடிந்த சனிக்கிழமைகூடப் போனேன். பிரகாசி சின்ன வயதிலிருந்தே பெரிய மனுஷி மாதிரி நடந்துகொள்வாள். சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். இந்த அரிசி எங்கம்மா போகும் என்று கேட்பாள். வடக்க, நம்மளை மாதிரி சாமியைத் தெரியாதவங்க இருக்காங்க, அவங்களுக்கு என்பேன். அவங்களும் கோழி வளக்குறாங்களா என்று கேட்டாள். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மூணாவது ஆள், நாலாவது ஆள். தண்ணீர் செம்பிலிருந்து தாம்பாளத்தில் விழுகிற சத்தம். இன்றைக்கு இனிமேல் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், சனிக்கிழமை ராத்திரி வரைக்கும். சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் பிரகாசியை பஸ் ஏற்றிவிட வேண்டும். அதை நினைக்காமல் இருக்கத்தான் தண்ணீரைக் கவனிக்கிறேன். ஜீப்பை நினைக்கிறேன். ஜீப்பை நினைக்காமல் எதையும் நினைக்க முடியவில்லை. பிடி அரிசி ஏலம் வருஷக்கணக்காகச் சேர்ந்து, கடைசியில் தோல் ஷாப்பு முதலாளி ஒருவர் மிச்சத்தைப் போட்டு, மிஷனுக்கு ஒரு ஜீப் வாங்கிக் கொடுத்தோம். கதவில் தமிழில் எழுதியிருந்தது, சவேரியார் பங்கு மக்கள் அன்பளிப்பு என்று, அந்த மலையில் அதைப் படிக்க பிரகாசியைத் தவிர ஒரு ஆள் கிடையாது. மிஷன் பத்திரிகையில் படம் வந்தது. ஜீப்புக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் அவள். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன், எங்க ஜீப்பு என்றேன். எங்க ஜீப்பு. போன மழைக்காலத்தில் அந்த மலையில் விடுதிப் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல், சுக்மதி என்று பேர், ஒன்பதாம் வகுப்பு, மலேரியா தலைக்கு ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வேண்டும். ஜீப் ரயிலடிக்குப் போயிருந்தது, மடத்து ஜூபிலிக்கு வருகிற பெரியவர்களைக் கூட்டிவர. பிரகாசி போன் போட்டுக் கெஞ்சியிருக்கிறாள், வண்டியைத் திருப்பி அனுப்புங்கள் என்று. விருந்தாளிகளை ரயிலடியில் நிற்க வைக்க முடியாது என்று மடத்துத் தலைவி மதர் சொல்லிவிட்டார். பிள்ளையின் அப்பனும் சித்தப்பனும் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நடக்க, இவள் மருந்து பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறாள். தார் ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த மண் பாதையில் எதிரே ஜீப் வந்ததாம். உள்ளே பூமாலையோடு விருந்தாளிகள். கதவில் எங்கள் ஊர்ப் பேர்.

ஜூபிலி விருந்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பிரகாசி எழுந்து இதைச் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளை மருந்தகத்திலிருந்து எடுத்து, தலைமை மடத்தில் கோழிக்கூண்டு பார்க்கப் போட்டார்கள். மன்னிப்புக் கேள், பழைய வேலை கிடைக்கும் என்றார்கள். எதற்கு என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் இவளே மடத்திலிருந்து விடுதலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பையோடு வந்து என் வாசலில் நின்றாள், போன சனிக்கிழமை, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியானம். சுடிதார் போட்டுக்கொண்டு, பையன் மாதிரி வெட்டின முடியோடு, பாதி நரைத்து. யாரோ என்னமோ கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா என்றாள். நான் முதலில் என்ன செய்தேன் என்றால், தெருவைப் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இப்போது அவளுக்குப் புடவை கட்டத் தெரியவில்லை. விடியற்காலம் நாலரைக்கெல்லாம் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். சோறு போட்டால் தட்டில் இருப்பதை மட்டும் சாப்பிடுகிறாள், மறுசோறு கேட்கத் தெரியவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளை, என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் போடும்மா என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதைத்தான் நான் கொடுத்தேனா. இதற்குத்தான் சாக்கைத் தூக்கினேனா.

ஏழாவது ஆள். கஸ்பாருடைய தம்பி, வெள்ளைக் காலுறையைக் கழற்ற மறந்துவிட்டு இப்போதுதான் அவசரமாக உருவுகிறான், முன் வரிசையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை சாமியார் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார், அடுப்படிப் பக்கம் பார்க்கவே இல்லை, அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரிந்தும். ரொம்ப மெதுவாகப் பேசினார், நோயாளி வீட்டில் பேசுகிற மாதிரி. "ஈஸ்டர் பூசைக்கு மதர் வர்றாங்கம்மா. உங்களுக்குப் பொன்னாடை போர்த்தணும்னு ஆசைப்படுறாங்க. இந்த நேரத்துல பாப்பா கோயிலுக்கு வந்தா ஜனங்களுக்கு இடறலா இருக்கும். வத்தலக்குண்டுல உங்க தம்பி வீடு இருக்குல்ல. சனிக்கிழமைக்குள்ள அனுப்பிருங்க. அதுவரைக்கும் உள்ளயே இருக்கட்டும், விளக்குகிளக்குப் போட வேணாம்." பாப்பா என்றார், நாற்பதைத் தாண்டினவளை. நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன் என்று இந்த நாலு நாளாக என்னையே கேட்கிறேன், பதில் வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. சாமியார் சொன்னால் தலையாட்டித்தான் பழக்கம். பயம். மிஷன் அம்மா மகள் மடத்தை விட்டு ஓடி வந்துட்டாளாமே என்று கோயில் வாசலில் பேசுவார்கள் என்ற பயம். சனிக்கிழமை நான் சாக்கோடு போனால் பானையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்களோ என்ற பயம். சாமியார் போன பிறகு பிரகாசி காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "அம்மா, வத்தலக்குண்டுக்குப் போகச் சொன்னா போறேன். ஆனா அங்கயிருந்து வேற எங்கயாவது வேலை பாத்துப் போயிருவேன். இங்க திரும்பி வர மாட்டேன். தெரிஞ்சுக்க." மிரட்டவில்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற நர்ஸ் மாதிரி சொன்னாள். சொன்னால் செய்வாள், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா. சனிக்கிழமை அந்த பஸ்ஸில் ஏற்றினால் அதோடு எனக்கு மகள் இல்லை.

பாடகர் குழு பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறது, கால்கள் மிச்சம் இருக்கிறபோது பாட்டு முடிந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் ஒன்றே ஒன்று கேட்டாள். வந்ததிலிருந்து அவள் எதுவும் கேட்கவில்லை, இதைத்தான் கேட்டாள். பெரிய வியாழன் பூசைக்கு வரட்டுமா, கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன், முக்காடு போட்டுக்கொள்கிறேன், நற்கருணை வாங்கக்கூட வரவில்லை, பூசையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். சரிம்மா என்றாள். அந்த சரிம்மாவை மடத்தில் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அதைக் கேட்டால் எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருக்கிறது. பூசைக்கு வரட்டுமா என்று ஒருத்தி அனுமதி கேட்கிறாள். மலையில் கிடந்து, தேள் கடி வாங்கி, மஞ்சள் காமாலை வாங்கி, நான் சாமியைத் தெரியாதவர்கள் என்று சொன்ன அந்த ஜனங்களின் பீ மூத்திரம் அள்ளினவள், பவுடர் போட்ட கால்களுக்கு நடக்கிற பூசையைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். யாருக்கு இடறல். ஆறு மாதம் முன்னால் இவள் உடுப்போடு வந்திருந்தால் இதே கஸ்பார் மாலையோடு ரயிலடிக்கு ஜனத்தைத் திரட்டிக்கொண்டு போயிருப்பார். கோபம் யார்மேல் என்று எனக்கே பிடிபடவில்லை. சாமியார்மேல், மதர்மேல், ஜீப்புமேல், என்மேல். சேசுவே, உம்மேலும்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர், அந்தக் கட்டிலை.

ஒன்பது. பத்து. சாமியாருக்கு முழங்கால் வலிக்கிறது போல, உபதேசியார் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருகிறார், பாவம் என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதும் எரிச்சலாக இருக்கிறது. என் காலைப் பார்க்கிறேன். பித்தவெடிப்புக்கு நடுவில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன், நானும் இந்த ஊர்தானே, அழுக்குக் காலைக் காட்டலாமா. பிரகாசி வந்து பார்த்தாள். கொடு என்று கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெந்நீர் போட்டுப் பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்து, உப்புப் போட்டு, என் இரண்டு காலையும் அதில் வைத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வெடிப்பாகத் துடைத்தாள். இதில் ரத்தம் வந்திருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா என்றாள். யார் இருக்கிறார்கள் பார்க்க என்றேன். அவள் விரல் இடுக்குகளைத் துடைத்தாள், மெதுவாக, எத்தனை காலைக் கழுவியிருந்தால் அந்தப் பக்குவம் வரும். சாமியார் தண்ணி ஊத்துறப்ப எரியும், பல்லைக் கடிச்சுக்க என்றாள். என்னைப் பூசைக்கு அனுப்பி வைத்தாள், தான் வர முடியாத பூசைக்கு. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சாமியார் என் முன்னால் முழங்கால் போட்டுவிட்டார். வியர்த்திருக்கிறார். செம்பை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்கிறார், கனிவாகத்தான். "காலை நீட்டுங்கம்மா."

வேண்டாம் சாமி என்கிறேன். என் குரல் எனக்கே அன்னியமாக, எங்கேயோ மேலே இருந்து கேட்கிறது. அவர் புரிந்துகொண்டதாக நினைத்துச் சிரிக்கிறார், இப்போதுதானே வாசித்தார்கள், காலைக் கழுவ விடமாட்டேன் என்று சேசுவிடம் சீடர் இராயப்பர் மறுத்த கதையை. இந்த அம்மாவுக்கு எவ்வளவு தாழ்ச்சி என்று நினைக்கிறார். நீட்டுங்க, நீட்டுங்க என்று கணுக்காலில் கை வைக்கிறார். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன்.

"இந்தக் காலை மத்தியானமே கழுவியாச்சு சாமி. என் மக பிரகாசி கழுவினா. அவ ஒரிசாவுல இல்ல, எதிர்த்தாப்புல என் வீட்டுல இருக்கா. கோயிலுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

பாட்டு நின்றுவிட்டது. என் பேச்சு சுவர்களில் மோதித் திரும்பி வருகிறபோதுதான் எனக்கு உறைக்கிறது, அவர் கழுத்து மைக் என் வாய்க்கு நேரே இருக்கிறது. சாமியார் மைக்கைக் கையால் பொத்துகிறார். பிறகு பேசலாம்மா, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கிசுகிசுக்கிறார். பார்க்கட்டும். அதற்குத்தானே உட்கார வைத்தார்கள். கஸ்பார் பாதி எழுந்து நிற்கிறார், கால் ஈரமாக இருப்பதால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் எழுந்திருக்கிறேன். "அவளைக் கூட்டிட்டு வர்றேன். இந்த இடம் அவளோடது. அவ கால்லதான் கழுவுறதுக்கு ஏதாச்சும் இருக்கு. நீங்க இருங்க சாமி, எந்திரிக்காதீக."

நடுவழியாக நடக்கிறேன். முப்பது வருஷம் சாக்கோடு நான் நின்ற வாசல்களின் முகங்கள் இரண்டு பக்கமும். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தோல் ஷாப்புக்குப் போகிறவள் பிள்ளையை இழுத்து எனக்கு வழி விடுகிறாள், போங்க அத்தை என்கிறாள், அவ்வளவுதான். சனிக்கிழமை எந்த வீட்டுப் பானையில் அரிசி விழும், விழாது, தெரியவில்லை. போகட்டும், கோழிகள் பட்டினி கிடக்கட்டும். வாசல்படி இறங்கி ரோட்டுக்கு வந்தால் எதிரே பிரகாசி நிற்கிறாள், ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டு ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டாள், என் பழைய புடவையை ஒரு பக்கம் தரையில் இழுபடுகிற மாதிரி சுற்றிக்கொண்டு, வெட்டின தலை வெறுமையாக, தெரு விளக்குக்குக் கீழே, எல்லோரும் பார்க்க. ஒலிபெருக்கியில் யாரோ இருமுகிறார்கள். என்னம்மா இப்படிப் பண்ணிட்ட என்கிறாள். திட்டப் போகிறாளா, அழப் போகிறாளா, திரும்பி வீட்டுக்குள் போய்விடுவாளா என்று தெரியாமல் நான் அவள் முன்னால் நிற்கிறேன். குனிந்து அந்தப் புடவை நுனியை எடுத்து அவள் இடுப்பில் செருகுகிறேன்.

"வாடி. சாமி தண்ணியோட முழங்கால்ல உக்காந்திருக்காரு."